பென்டிரைவ் இல்லாத ஆண்டு விழா

மன்னார்குடி
9.3.2025

அன்புள்ள சுமதி,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் தை மாதமே வந்துவிட்டது. மூன்று பக்கம் எழுதியவளுக்கு ஃபோனில் "ம், கிடைச்சுது" என்று சொல்லி முடித்தால் நன்றாக இருக்காது என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் குலதெய்வம் கோயில் விஷயமாக ஊருக்குப் போயிருக்கிறார். எமிஸில், அதுதான் பள்ளி விவரமெல்லாம் பதிகிற கல்வித்துறை இணையதளத்தில், ஏற்ற வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. அது எவ்வளவு பெரிய விடுதலை என்று பாட்டு டீச்சரான உனக்குத் தெரியாது, விடு.

உங்கள் பள்ளி ஆண்டு விழாவைப் பற்றி எழுதியிருந்தாயே, எல்.இ.டி. திரை, புகை மெஷின், மேடை கொள்ளாத அளவுக்குப் பிள்ளைகள், எல்லாம் ஏற்கெனவே பதிவு செய்த பாட்டு என்று. "நான் பாட்டு டீச்சர், என் பிள்ளைகள் அன்றைக்கு ஒரு வரிகூடப் பாடவில்லை" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்தே எங்கள் கதையை உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். எங்கள் விழாவும் போன மாதம் முடிந்தது.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான் ஒன்று முதல் மூன்று வரை, தலைமையாசிரியர் நாலும் ஐந்தும். தொடக்கப் பள்ளிக்கு இசையாசிரியர் என்று ஒரு பணியிடமே கிடையாது. எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டத்தின் வகுப்பில் ஆடிப்பாடுவதைத் தவிர, பிள்ளைகளுக்குக் கிடைக்கிற சங்கீதம் எல்லாம் காலை வழிபாட்டுக் கூட்டம்தான். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், பழமொழி, செய்தி, பொது அறிவு, அன்றைக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களுக்கு வாழ்த்து, நாட்டுப்பண். குறளும் செய்தியும் தினமும் வாட்ஸ்அப் குழுவில் பி.டி.எஃப். ஆக வந்துவிடும். யாரோ ஒரு புண்ணியவான் விடியற்காலையில் எழுந்து தயாரிக்கிறார். அதை அப்படியே படிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகளுக்குப் புரியாது, அது வேறு விஷயம்.

முன்பெல்லாம் திங்கட்கிழமை கூட்டம் என்றாலே எனக்குப் பயம். வெயிலில் நிற்கும்போது ஒன்றிரண்டு சுருண்டு விழும். விசாரித்தால் முதல் நாள் ராத்திரியே சாப்பிட்டிருக்காது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, எங்கள் பள்ளியில் யாரும் அப்படி விழுந்ததாக எனக்கு நினைவில்லை. பாட்டிலும் வித்தியாசம் தெரிகிறது. வெறும் வயிற்றோடு நிற்கிற பிள்ளை வரியின் கடைசி எழுத்தை விழுங்கிவிடும். கிச்சடியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு வந்தவன் மூச்சு பிடித்து இழுக்கிறான். சில சமயம் ஏப்பமும் வரும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். நீ பயிற்சிப் பள்ளியிலேயே என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய், சுருதி பார்க்காமல் எடுக்காதே என்று. இங்கே பல வருடமாக ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை அதன்மேல் கத்தச் சொல்வதுதான் வழக்கம். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய பதிவு. இரண்டு குரலுக்கும் நடுவில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் பொடிசுகள் திணறும், பிறகு ஸ்பீக்கரை ஜெயிப்பதற்காகக் கத்தும். கத்தினால் "நல்லா சத்தமா பாடுறாங்க" என்று பார்க்க வருகிற அதிகாரியும் பாராட்டிவிட்டுப் போவார்.

எனக்குத் துணையாக வந்தது ஓர் அரசாணை. 2021 டிசம்பரில் தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, பாடும் நேரம் 55 விநாடி, மோகன ராகம், மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடை என்றெல்லாம் சொன்னார்கள், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே ஆணையில், நிகழ்ச்சிகளில் இசைத்தட்டு போடுவதைத் தவிர்த்து, பயிற்சி பெற்றவர்கள் வாய்ப்பாட்டாகப் பாட வேண்டும் என்றும் இருப்பதை யாரும் பேசுவதில்லை. அதைத் தலைமையாசிரியரிடம் காட்டி, "சார், ஸ்பீக்கரை நிறுத்திடலாமா?" என்றேன். மனிதர் மறுப்பே சொல்லவில்லை. ஸ்பீக்கர் ரிப்பேர் செலவு மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ.

ஸ்பீக்கரை நிறுத்திய முதல் வாரம் கேட்க முடியவில்லை. ஐந்து கட்டை சுருதியில் நான் எடுப்பேன், மேலே ஏறும் இடம் வந்ததும் எல்லாம் ஒரே கூச்சல். அப்புறம் நீ ஃபோனில் சொன்னபடி தம்புரா ஆப்பில் இரண்டரைக் கட்டை வைத்து எடுத்தேன். எனக்கு ரொம்பத் தாழ்வு, தொண்டை கரகரக்கிறது. ஆனால் பிள்ளைகள் மேல் ஷட்ஜத்தை, அந்த உச்ச 'ஸ'வை, கத்தாமல் தொட்டார்கள். தாளத்துக்கு மைதானத்தைச் சுற்றி "தகிட தகிட" என்று நடக்க வைத்தேன், 'த'வுக்கு மட்டும் காலை அழுத்தி. ஒன்றரை நிமிடம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். நாட்டுப்பண்ணுக்கும் இதே வேலைதான் பாக்கி. அதற்கு 52 விநாடி, நாங்கள் "உச்சல ஜலதி" வரும்போதே அதைத் தாண்டிவிடுகிறோம்.

இசையமைப்பாளர் கோடாயைப் பற்றி நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஹங்கேரியில் அந்த மனுஷர் சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து ஸ்வரப் பாட்டிலிருந்து தொடங்கச் சொன்னார், 1950-ல் கெச்கெமேத் என்ற ஊரில் தினமும் பாட்டு வகுப்பு வைத்து ஒரு தொடக்கப் பள்ளியே ஆரம்பித்தார்கள் என்றாயே. மோகனமும் ஐந்து ஸ்வரம்தானே, சுமதி! மத்யமமும் ('ம') நிஷாதமும் ('நி') இல்லாததால் அரை ஸ்வர இடைவெளி எங்குமே இல்லை, பிள்ளைகள் வழுக்கி விழ இடமே இல்லை. எம்.எஸ். விஸ்வநாதன் அதையெல்லாம் யோசித்து மெட்டுப் போட்டாரா என்பது வேறு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் காலையில் ஒரு நல்ல மோகனம் கையில் கிடைக்கிறது. அதை ஸ்பீக்கரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு இசைக் கல்வியே இல்லை என்று நாம் புலம்புகிறோம். நானும்தான் புலம்பினேன்.

நாலாம் வகுப்பில் ஒரு பையன். எந்தப் பாட்டானாலும் ஒரே ஸ்வரத்தில் உறுமுவான். "நீ வாயை மட்டும் அசை" என்று யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். மதிய இடைவேளையில் கூப்பிட்டு, போலீஸ் வண்டி மாதிரி சைரன் போடச் சொன்னேன். அவனுக்கு ஒரே குஷி. கீழிருந்து மேலே 'ஊ'வென்று ஏற்றினான், அவ்வளவு மேலே குரல் போகிறது! பாடும்போது மட்டும் இறங்கிவிடுகிறது. அதனால் அவனை என் சுருதிக்கு இழுக்காமல், அவன் உறுமுகிற இடத்துக்கு நான் இறங்கி, அதே ஸ்வரத்தில் கூடவே பாடினேன். தன் குரலும் இன்னொரு குரலும் ஒட்டி நிற்பதை அவன் கேட்ட அந்த நொடியில் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. பாடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தான். அங்கிருந்து அரை அரைக் கட்டையாக ஏற்றினேன். இன்னும் முழுசாக வரவில்லை, பாதிப் பாட்டுக்குச் சேர்ந்து வருகிறான், மீதிக்கு உறுமல். உதடு அசைப்பதை மட்டும் விட்டுவிட்டான்.

அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாப் போட்டி இந்த வருடம் ஒன்று முதல் ஐந்து வரைக்கும் வந்தது. எங்கள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தனிப்பாட்டுக்குக் குறுவள மையம் வரை, அதாவது அக்கம்பக்கப் பள்ளிகள் சேர்ந்த சுற்று வரை, போனாள். அங்கே கரோக்கி போட்டுப் பாடியவனுக்குப் பரிசு, இவள் சும்மா கையைக் கட்டிக்கொண்டு சுருதி பிசகாமல் பாடினாள், கிடைக்கவில்லை. நடுவராக வந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பத்து மணியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் பாவம்.

இனி ஆண்டு விழா. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், இந்த முறை பென்டிரைவ் வேண்டாம், பிள்ளைகளே பாடட்டும் என்றேன். அம்மாக்கள் முகம் சுருங்கிவிட்டது. ஒருவர் எழுந்து, "டீச்சர், என் பொண்ணுக்கு டிரஸ் வாடகைக்குப் பணம் எடுத்து வச்சிருக்கேன்" என்றார். நாத்து நட்டுச் சேர்த்த காசு. சினிமா டான்ஸை மட்டமாக நினைக்க எனக்கு மனசு வராது. வருடத்தில் ஒரு நாள் அந்தப் பெண் ஜிகினாப் பாவாடையும் உதட்டுச் சாயமுமாக மேடை ஏறுவதைப் பார்ப்பது அந்த அம்மாவுக்கு எத்தனை பெரிய காரியம்! கடைசியில் இப்படி முடிவானது: டான்ஸ் உண்டு, டிரஸ் உண்டு, பாட்டும் சினிமாப் பாட்டாகவே இருக்கட்டும். ஆனால் பத்துப் பேர் ஆடினால் பத்துப் பேர் பக்கத்தில் நின்று பாடுவார்கள்.

பக்கவாத்தியத்துக்கு ஐந்தாம் வகுப்புப் பையனின் தாத்தாவைக் கூப்பிட்டேன். பறை அடிப்பவர். அதற்குத்தான் பெரிய முணுமுணுப்பு. "சாவுக்கு அடிக்கிறதைப் பள்ளிக்கூடத்துல அடிக்கலாமா?" என்று இரண்டு பேர் தலைமையாசிரியரிடமே கேட்டார்கள். அவர் வாதாடவில்லை. ஜனவரி மாதப் பத்திரிகையை எடுத்து வந்து, பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த செய்தியைக் காட்டி, "டெல்லியிலே கூப்பிடுறாங்க, நாம கூப்பிடக் கூடாதா?" என்றார். பேச்சு நின்றது. மனசு மாறியதா என்று கேட்காதே. ஒருவர் விழாவுக்கே வரவில்லை.

பெரியவர் ஒத்திகைக்கு வந்த அன்று பிள்ளைகள் வகுப்புக்குள் உட்காரவே இல்லை. பள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தி, பறையின் தோலைத் தீக்குக் காட்டிக் காட்டித் தட்டினார். முதலில் 'தொம்' என்று ஈரமாகக் கேட்டது, தோல் இறுக இறுக 'கிண்' என்று சுருதி ஏறியது. "இதுக்கும் இரண்டரைக் கட்டையா டீச்சர்?" என்று கேட்டது ஒன்று! ஆனால் முழு வீச்சில் அடித்தால் பிள்ளைகள் குரல் ஒன்றும் மிஞ்சாது. நான் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருக்கும்போதே அவர், "புள்ளைங்க பாடும்போது நான் சும்மா இருக்கேன்மா, வரி முடிஞ்ச எடத்துல மட்டும் அடிக்கிறேன்" என்றார். அப்படியே செய்தார். பிள்ளைகளுக்கும் அது நல்லதாகப் போயிற்று, அடுத்த வரிக்கு மூச்சு எடுக்க நேரம் கிடைத்தது.

மைக்கை யார் கையிலும் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஒருத்தி மட்டும் விழுங்குவது போல வைத்துக் கத்துவாள். அரைவட்டமாக நிற்கவைத்து, தலைக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டோம். மைக் செட்காரர் கடைசிவரை நம்பவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று பென்டிரைவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நின்றார்.

எப்படி நடந்தது என்கிறாயா? சிறப்பு விருந்தினர் பேச்சு முக்கால் மணி நேரம் போனது. முன் வரிசையில் ரோஜாப்பூ வேஷம் போட்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பவுடரோடு தூங்கிவிட்டன, எழுப்பினால் அழுகை. ஒரு டான்ஸில் பாடுகிறவர்கள் சரணத்தை மறந்து பல்லவியையே திரும்பப் பாட, ஆடுகிறவர்கள் முழித்தார்கள். ரெக்கார்டாக இருந்தால் பாட்டு ஓடிப்போயிருக்கும், இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துச் சமாளித்துச் சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்தில் கைதட்டல் அதற்குத்தான் அதிகம். முடிந்த பிறகு டிரஸ் வாடகை அம்மா வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர், ஆனா சத்தமே பத்தல" என்றார். இன்னும் நாலைந்து பேரும் அதையே சொன்னார்கள். அடுத்த வருடம் திரும்பவும் பென்டிரைவ் கேட்பார்கள், தெரியும். நான் விடுவதாக இல்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அவ்வளவு பெரிய விழாவை நீ ஒருத்தி மாற்ற முடியாது, மாற்றச் சொல்லவும் இல்லை. ஆனால் உங்கள் பள்ளியிலும் காலைக் கூட்டம் உண்டே? அங்கே தினமும் ஐந்து நிமிடம் உன் கையில் இருக்கிறது, அங்கே எல்.இ.டி. கேட்கிற பெற்றோர் யாரும் இல்லை. கீபோர்டையும் மூடி வை. விழாவில் ஒரே ஒரு பாட்டு, வரவேற்புப் பாட்டு மட்டும், உயிர்க்குரலில் பாட இடம் கேட்டுப் பார். கொடுப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது, அதற்குச் செலவே இல்லையே.

எனக்கு ஓர் உதவி. இரண்டரைக் கட்டையில், ஆறு வயசுப் பிள்ளைக்கு எட்டுகிற மாதிரி, கும்மியோ தாலாட்டோ நாலைந்து பாட்டு உன் குரலில் பாடி அனுப்பு. துணைக்கு எதுவும் வேண்டாம், உன் குரல் மட்டும் போதும். பின்னால் குக்கர் விசில் வராமல் பார்த்துக்கொள், போன முறை அனுப்பியதில் மூன்று விசில் வந்தது, பிள்ளைகள் விசிலையும் சேர்த்துப் பாடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே என் நாத்தனார் செய்துகொண்டு நன்றாக நடக்கிறாள், வேண்டுமானால் அவளை உன் அம்மாவிடம் ஃபோனில் பேசச் சொல்கிறேன். ராஜகோபாலசாமி கோயில் பங்குனித் திருவிழா வருகிறது. வெண்ணெய்த்தாழி அன்றைக்காவது நீ வந்து சேர். லீவு கிடைக்காது என்று மட்டும் சொல்லாதே, பரீட்சை நேரத்தில் பாட்டு டீச்சரை யார் தேடப்போகிறார்கள்?

அன்புடன்,
வளர்மதி