கூட்டுத் திட்டங்களில் கையெழுத்திடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெரிய நிறுவனங்களின் தலைவர்களுக்கும் நிதி தருவோருக்கும்,

வணக்கம். பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் திட்டங்களில், சிறிய நிறுவனம் ஒன்றின் சார்பில் ஒருங்கிணைப்பு வேலை பார்க்கிறேன். நீங்கள் கையெழுத்திட்டுக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட மறுநாள், "சரி, இப்போது யார் யாரைக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்கிற ஆட்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒப்பந்தத்தை எழுதுவதற்கு முன் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நீங்கள் அனுப்பும் ஒப்பந்தங்களில் முதல் நிறுவனம் செய்ய வேண்டியது, இரண்டாம் நிறுவனம் செய்ய வேண்டியது எல்லாம் தெளிவாகவே இருக்கும். முதலாமவர் முடித்துக் கொடுப்பதை இரண்டாமவர் எந்த வடிவத்தில் வாங்கிக்கொள்வார், அதைச் சரிபார்ப்பது யார், கருத்து வேறுபட்டால் யாருடைய முடிவு நிற்கும் என்பதெல்லாம் இருக்காது. அந்த இடைப்பட்ட வேலைக்கு ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. நான் பார்த்தவரை கூட்டுத் திட்டங்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

இது சிறிய நிறுவனங்களின் புலம்பல் என்று நினைத்தால் நாசாவைப் பாருங்கள். செவ்வாயின் தட்பவெப்பத்தை ஆராய அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று, கோளை நெருங்கிய நேரத்தில் தொலைந்துபோனது. கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. பாதையைக் கணிக்கும் நாசா தரப்புக் குழு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் ஏறத்தாழ நாலரை மடங்கு. அலகுக் குழப்பம் என்பதோடு இந்தக் கதையைப் பலரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. எண்கள் எங்கோ இடிக்கின்றன என்று பாதைக் குழுவினருக்கு முன்கூட்டியே சந்தேகம் வந்திருந்தது. ஆனால் அது முறையான பிரச்சினைப் பதிவாக ஏறவில்லை. சாதாரணப் பேச்சோடும் கடிதப் போக்குவரத்தோடும் நின்றுவிட்டது. சந்தேகம் வந்தால் எங்கே பதிய வேண்டும், பதிந்ததற்கு யார் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு கண்டிப்பாக இயங்கியிருந்தால், கலம் பிழைக்க வாய்ப்பு இருந்தது.

ஒரே நிறுவனமாகிவிட்டாலும் இந்தத் தொல்லை விடுவதில்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் குழுவும் பிரான்சின் துலூஸ் குழுவும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தின. விமானத்தின் பாகங்களை இணைக்கும்போது மின்கம்பிகள் நீளம் போதவில்லை. விமானங்களைக் கொடுப்பது ஏறக்குறைய இரண்டு ஆண்டு தள்ளிப்போனது.

இடைப்பட்ட வேலையை முதலிலேயே பேசித் தீர்த்தவர்களும் இருக்கிறார்கள். மனித டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் படித்தறிந்த மனித மரபணுத்தொகைத் திட்டத்தில் 6 நாடுகளைச் சேர்ந்த 20 ஆய்வு மையங்கள் இருந்தன. போட்டி மனப்பான்மைக்கும் குறைவில்லை. 1996-இல் பெர்முடாவில் கூடிய அவர்கள், வரிசைப்படுத்திய தரவை முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் திறந்துவிடுவது என்று ஒத்துக்கொண்டார்கள். தரவு யாருக்குச் சொந்தம், யார் முதலில் வெளியிடுவது என்ற சண்டைக்கு அதிகம் இடமில்லாமல் போனது. பெரும்பகுதி வேலை முடிவதற்கு முன்பே பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். எங்களுக்கோ இந்தப் பேச்சு வழக்கமாக இறுதி அறிக்கை எழுதும் வாரத்தில்தான் வருகிறது.

இப்போது பணம். ஐ.நா. அமைப்புகள் பலவும் திட்ட நிதியிலிருந்து நிர்வாகச் செலவுக்கென்று 7, 8 விழுக்காடு எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பங்கு அடுத்த படியில் உள்ள சிறிய கூட்டாளிக்கும் போகிறதா என்றால், பல நேரம் இல்லை. கணக்காளர் சம்பளமும் தணிக்கைச் செலவும் வானத்திலிருந்து விழும் என்று யாரோ நினைத்துக்கொள்கிறார்கள். 2016-இல் பெரிய கொடையாளர்களும் உதவி அமைப்புகளும் 'கிராண்ட் பார்கெய்ன்' என்ற உடன்பாட்டில், மனிதநேய உதவி நிதியில் 25 விழுக்காட்டை 2020-க்குள் இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள். 2020-இல் நேரடியாகப் போய்ச் சேர்ந்ததோ மிகச் சில விழுக்காடுதான்.

அந்த உடன்பாட்டால் ஒரு நல்லதும் நடந்தது. '8+3' என்ற பொது அறிக்கை வடிவம் வந்தது: எல்லோருக்கும் பொதுவான 8 கேள்விகள், கொடையாளர் விரும்பினால் மேலும் 3. ஒரே வேலைக்கு ஆளுக்கொரு படிவம் நிரப்பும் எங்களைப் போன்றவர்களுக்கு இது எத்தனை பெரிய விஷயம் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. தயவுசெய்து இதைப் பயன்படுத்துங்கள். உங்கள் படிவம்தான் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவர்களும் தங்கள் படிவத்தைப் பற்றி அதையேதான் சொல்கிறார்கள்.

"நமக்குள் நம்பிக்கை இருக்கிறது, இதையெல்லாம் எழுத வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நம்பிக்கை உண்மைதான். ஆனால் அது உங்கள் திட்ட அலுவலருக்கும் என் சக ஊழியருக்கும் நடுவில் இருக்கிறது, நிறுவனங்களுக்கு நடுவில் இல்லை. உங்கள் அலுவலருக்கு மாற்றல் வந்தால் அதுவும் அவரோடு போய்விடும். அப்புறம் புதிதாக வருபவர், எதை யார் ஒத்துக்கொண்டார்கள் என்று முதலிலிருந்து கேட்பார். அவர் கேட்பதில் தப்பே இல்லை.

ஆகவே, ஒருங்கிணைப்புக்கென்று வரவு செலவுத் திட்டத்தில் தனிச் செலவினம் ஒன்று வையுங்கள். அதைச் செய்யப்போகும் ஆளின் வேலை நேரமும் சம்பளமும் அதில் தெரியட்டும். கருத்து வேறுபட்டால் முடிவு எடுப்பவர் யார், எத்தனை நாளுக்குள் என்று எழுதுங்கள். ஒருவர் நடுவில் விலகினால் தரவும் கருவிகளும் வேலைக்கு எடுத்த ஆட்களும் என்ன ஆவார்கள் என்பதையும் எழுதுங்கள். கல்யாணப் பந்தலில் விவாகரத்து பேசுவது போலக் கூச்சமாகத்தான் இருக்கும். விலகும் நாளில் பேசுவது இதைவிடக் கசப்பு.

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த ஒப்பந்த வரைவை எங்களுக்கு பிடிஎஃப் கோப்பாக, "நாளை மாலைக்குள் கையெழுத்திட்டு அனுப்பவும்" என்ற வரியோடு அனுப்பாதீர்கள். திருத்தக்கூடிய கோப்பாக, இரண்டு வார அவகாசத்தோடு அனுப்புங்கள். நாங்கள் எழுதும் குறிப்புகளைப் படிக்க உங்கள் பக்கம் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டாளி நிறுவனம் ஒன்றின் ஒருங்கிணைப்பாளர்