ஊட்டி உருளைக்கு ஊர்ப்பெயர் போட்ட சாக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சமவெளிச் சந்தைகளில் வெளிமாநிலக் கிழங்குக்குச் செம்மண் பூசி 'ஊட்டி உருளை' என்று விற்கிறார்கள். வாங்குபவரைக் குறை சொல்லமாட்டேன். மூட்டையில் ஊர்ப்பெயர் இருந்தால்தானே தெரியும்?

எங்கள் கேத்தி பாலாடா பக்கம் கார்போகக் கிழங்கைத் தோண்டியதும் பெரியது, நடுத்தரம், பொடி என்று பிரிப்பது பெண்கள்தான். மண்வெட்டி பட்ட கிழங்கை என் மாமியார் கையால் தடவியே ஒதுக்கிவிடுவார். (கூலி மட்டும் ஆணுக்கு அதிகம்!) 45 கிலோ மூட்டையாகப் பிடித்து, கோணி ஊசியால் வாய் தைத்தால் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏறும்.

திரும்பத் திரும்பப் புழங்கும் பழைய சாக்குதான் என் கவலை. 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்ட, உருளையின் வேரைத் தாக்கும் நூற்புழுவின் முட்டைக்கூடுகள் சாக்கில் ஒட்டிய மண்ணோடு தோட்டம்விட்டுத் தோட்டம் போகும். பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா என்ற உருளை ரகம் வந்தது. ரகம் வந்தென்ன, சாக்கு பழசென்றால்?

தோட்டக்கலைத் துறை புதுச் சணல் சாக்கை மானியத்தில் தரட்டும். விளைந்த ஊரையும் அதில் அச்சிடட்டும். பிளாஸ்டிக் வலைப்பை வேண்டாம். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகிவிடும்.

– ஒரு விவசாயி, கேத்தி பாலாடா, நீலகிரி