அது வேறு ஹாமில்டன்

அன்புள்ள சேகர்,

கடிதமும் உன் கட்டுரைப் படியும் கிடைத்தன. முதலில் ஒரு திருத்தம். நியூயார்க் அச்சுக்காரர் ஜெங்கர் மேல் நடந்த அவதூறு வழக்கில் அவருக்காக வாதாடியவர், நீ எழுதியதுபோல் அமெரிக்கப் பத்து டாலர் நோட்டில் இருக்கிற அலெக்சாண்டர் ஹாமில்டன் இல்லை; வழக்கு நடந்த 1735-இல் அவர் பிறக்கவே இல்லை. இவர் ஆண்ட்ரூ ஹாமில்டன், பிலடெல்பியா வக்கீல், பென்சில்வேனியா சட்டமன்றச் சபாநாயகர். இருவருக்கும் உறவும் கிடையாது.

'தீர்ப்பு சட்டத்தை மாற்றியது' என்ற வரியையும் எடுத்துவிடு. சட்டம் அப்படியே நிற்கும்போது ஒரு மனிதரை எப்படி மீட்டார் என்பதில்தான் ஆண்ட்ரூ ஹாமில்டனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த நியூயார்க்கின் கவர்னர் காஸ்பியைச் சாடிய வாரப் பத்திரிகையை அச்சிட்டவர் ஜெங்கர். அதற்காகக் கைதானார். ஜாமீன் 400 பவுண்டு; போதாதென்று தலா 200 பவுண்டுக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். அவர் சொத்தோ 40 பவுண்டுகூடத் தேறாது. எட்டு மாதத்துக்கு மேல் உள்ளே கிடந்தார். அவருடைய இரண்டு வக்கீல்கள், நீதிபதிகளின் நியமனமே செல்லாது என்று ஆட்சேபித்தார்கள். தலைமை நீதிபதி டிலான்சி இருவரின் வக்கீல் சன்னதையும் பறித்துவிட்டார். பிறகு நீதிமன்றமே அமர்த்திய ஜான் சேம்பர்ஸை நீ ஒரு வரியில் தள்ளிவிட்டாய். தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்கு எடுத்த 48 பேர் பட்டியலில் நிலமில்லாதவர்களும், கவர்னருக்கு ரொட்டி சுடுபவர், துணி தைப்பவர், செருப்புத் தைப்பவரும் இருந்தார்கள். சேம்பர்ஸ் அதை எதிர்த்து வேறு பட்டியல் எடுக்க வைக்காமல் இருந்தால், ஹாமில்டன் யாரிடம் பேசியிருப்பார்?

அந்தக் காலத்து ராஜத்துரோக அவதூறு வழக்கில், அதாவது அரசைச் சாடி எழுதியதற்கான வழக்கில், ஜூரிக்கு ஒரே கேள்விதான்: இவர் அச்சிட்டாரா? எழுத்து குற்றமா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார். ஹாமில்டன் எழுந்ததும் 'ஆமாம், அச்சிட்டார்' என்று ஒப்புக்கொண்டார். அரசு வக்கீல் பிராட்லி தன் சாட்சிகளை அனுப்பிவிட்டார். ஒப்புக்கொண்டாயிற்றே, இனி குற்றவாளி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்தார். ஆனால் குற்றப்பத்திரிகையில் 'பொய்யான' என்ற சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார் ஹாமில்டன்: பொய் என்று நிரூபியுங்கள், இல்லையேல் உண்மை என்று நான் நிரூபிக்கிறேன். உண்மையாக இருந்தாலும் அவதூறு அவதூறுதான் என்று டிலான்சி சாட்சியத்தை மறுத்தார். அத்தோடு ஹாமில்டன் நீதிபதியை விட்டு ஜூரியின் பக்கம் திரும்பிவிட்டார். அச்சிட்டாரா என்று மட்டும் சொல்லி மிச்சத்தை நீதிபதியிடம் விடுவது ஒரு வழி; குற்றவாளியா இல்லையா என்று ஒரேயடியாக முடிவு சொல்வது மற்றொரு வழி. இரண்டாவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, எவரும் தடுக்க முடியாது என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பிய பன்னிரண்டு பேரும் குற்றவாளி இல்லை என்றார்கள்.

ஜூரியின் முடிவு பின்வரும் வழக்குகளைக் கட்டுப்படுத்தாது. டிலான்சி சொன்ன சட்டம் அசையவில்லை. இங்கிலாந்தில் முழு முடிவையும் ஜூரி சொல்லலாம் என்று சட்டம் வந்தது 1792-இல். நியூயார்க்கில் நல்ல நோக்கத்தோடு சொன்ன உண்மையை எதிர்வாதமாக ஏற்றது 1805-இல். அதற்கு முந்தின வருடம் கிராஸ்வெல் வழக்கு என்ற இன்னொரு பத்திரிகை அவதூறு வழக்கில் அதற்காக வாதாடியவர், வேடிக்கையைப் பார், உன் பத்து டாலர் ஹாமில்டன்தான். அந்த இடத்தில் அவரைச் சேர்த்துக்கொள்.

ஆண்ட்ரூ ஹாமில்டன் கட்டணம் வாங்கவில்லை என்று எழுதியது சரி. நியூயார்க் நகரசபை அவருக்குத் தந்த தங்கப் பெட்டியின் எடையையும் போடு: ஐந்தரை அவுன்ஸ்.

திருத்திய படியை அனுப்பு.

அன்புடன்,
ராகவன்