எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்காதே

அன்புள்ள இளங்கோ,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவர்களுக்கான கட்டாயப் பயிற்சியை வரைந்து தரும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறதே, அதற்கு வருகிறேன். நீ அனுப்பிய வரைவில் பாடத்திட்டம் பக்கம் பக்கமாக இருக்கிறது. யாரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதற்கு மட்டும் இரண்டே வரி. உழைப்பெல்லாம் அங்கேதான் போக வேண்டும்.

பிடிபடுகிறவர்களில் ஒருவர் அன்றைக்குக் கணக்குத் தப்பி ஓட்டியவர். இன்னொருவர் குடிக்காமல் ஒரு நாளைக் கழிக்க முடியாதவர். முதலாமவருக்குக் கல்வி போதும். இரண்டாமவருக்குக் குடியின் கேடுகளைப் பற்றி நீயும் நானும் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது சிகிச்சை. இருவரையும் ஒரே அறையில் வைத்தால் முதலாமவர் 'நான் இவரைப்போல் இல்லையே' என்று தேறிக்கொள்வார், இரண்டாமவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்.

பிரிப்பதற்கு, குடிப்பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' வினாத்தாளை வைத்துக்கொள். பத்துக் கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தால் கவனிக்க வேண்டும். 20 வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆனால் அது நோயாளி மனம் திறந்து பேசும் இடத்துக்காகச் செய்த தாள். உரிமம் திரும்பக் கிடைக்குமா என்று தவிப்பவர் அதில் 3, 4 என்றுதான் காட்டுவார். ஆகவே பிடிபட்டபோது எடுத்த ஆல்கஹால் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார். ரத்தத்தில் 0.15 சதவீதம் இருந்தும் ஆள் தடுமாறாமல் நின்று தெளிவாகப் பதில் சொன்னார் என்று காவலர் குறிப்பில் இருந்தால், உடல் குடிக்குப் பழகிவிட்டது என்று பொருள். இரண்டாவது வழக்கு என்றால் வினாத்தாள் என்ன சொன்னாலும் மருத்துவரிடம் அனுப்பு. கலிஃபோர்னியாவில் முதல் வழக்குக்குப் பொதுவாக மூன்று மாதப் பயிற்சி, அளவு 0.20 தொட்டால் ஒன்பது மாதம், இரண்டாம் வழக்குக்குப் பதினெட்டு மாதம். ஜெர்மனியில் 1.6 புரோமில், அதாவது 0.16 சதவீதம், இருந்தால் மருத்துவ உளவியல் தேர்வைத் தாண்டாமல் உரிமம் இல்லை. முரட்டுக் கோடுகள்தான். ஆனாலும் ஆள் சொல்லும் கதையை விட நம்பலாம்.

வாய்ச்சொல்லைச் சரிபார்க்க ரத்தத்தில் 'பெத்' சோதனை இரண்டு முதல் நான்கு வாரக் குடியைக் காட்டும். சிறுநீரில் எடுக்கும் 'ஈடிஜி' சோதனை இரண்டு மூன்று நாள் குடியைத்தான் காட்டும். அதிலும் அளவு மிகக் குறைவாக வந்தால் அவசரப்பட்டுத் தண்டிக்காதே. ஆல்கஹால் கலந்த கை கழுவும் திரவமும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் அதைக் கிளப்பிவிடும். இன்னொன்று: மதிப்பிடுபவரும் சிகிச்சை விற்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இருந்தால் எல்லாருக்கும் நீண்ட சிகிச்சை தேவைப்பட்டுவிடும்!

கல்விப் பிரிவில் பயமுறுத்தும் படங்களைக் குறை. விபத்தில் உறவை இழந்தவர்களைப் பேச வைப்பதையும் உன் வரைவில் பார்த்தேன். கேட்பவர் கண் கலங்குவார், உண்மை. அதனால் மறுகுற்றம் குறைகிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை. அந்த நேரத்தில் கணக்குப் போட வை. மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி, அதை 0.79 ஆல் பெருக்கினால் சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வரும். 5 சதவீத பீர் 500 மில்லி ஏறக்குறைய 20 கிராம். 40 சதவீத விஸ்கி 60 மில்லியும் அதே அளவுதான். 'பீர்தானே' என்கிற சமாதானம் அங்கேயே உடையும். பிறகு மறுநாள் காலைக் கணக்கு: உடல் சராசரியாக மணிக்கு 0.015 சதவீதம்தான் கழிக்கும். நள்ளிரவில் 0.15 இருந்தவருக்குக் காலை ஏழு மணிக்கு இன்னும் 0.045 இருக்கும். காபியோ குளிர்ந்த குளியலோ இதை ஒரு நிமிடம்கூட முந்த வைக்காது. கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் தன் திட்டத்தை எழுதித் தரட்டும்: சாவி யாரிடம், வீட்டுக்கு எப்படி, அந்த ஏற்பாடு கைவிட்டால் அடுத்தது என்ன. 'இனி குடிக்க மாட்டேன்' என்று எழுதினால் திருப்பிக் கொடு.

சிகிச்சைப் பிரிவில் ஒரு ஆபத்தை மறக்காதே. தினமும் மிதமிஞ்சிக் குடிப்பவரை 'இன்று முதல் தொடக்கூடாது' என்று நீதிமன்றம் ஆணையிட்டால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாளில் பிதற்றலும் நடுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பார்த்த பிறகே ஆணை நடைமுறைக்கு வரட்டும். பிறகு குடி ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் என்ற மருந்துகள் உண்டு. முன்னதை மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்து எடுப்பவருக்கும் பின்னதைச் சிறுநீரகம் மோசமானவருக்கும் கொடுக்கக் கூடாது. குடித்தால் உடம்பைப் புரட்டிப் போடும் டைசல்ஃபிராம் மருந்தை ஆளுக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கும் வேலையை உன் திட்டத்தில் எவரும் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அதன்மேல் குடித்தால் உயிர் போகலாம்.

மூச்சில் ஆல்கஹால் இல்லை என்று ஊதிக் காட்டினால்தான் வண்டி கிளம்பும் பூட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். பூட்டு இருக்கும்வரை நன்றாகவே தடுக்கும். கழற்றிய பிறகு பலன் கரைந்துவிடும். அதனால் பூட்டு மாட்டியிருக்கும் மாதங்களிலேயே சிகிச்சை நடக்க வேண்டும். வரைவில் ஒன்று முடிந்தபின் மற்றது என்று இருக்கிறது, மாற்று. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் 2005 முதல் ஒரு முறை: தினம் இரண்டு வேளை ஊதிக் காட்ட வேண்டும், தவறினால் உடனே ஓரிரு நாள் சிறை. தண்டனை சிறியதுதான், ஆனால் அன்றே வருகிறது. ஆறு மாதம் கழித்து வரும் பெரிய தண்டனையை விட அது உறைக்கும்.

எதிர்பார்ப்பை மட்டும் அளவாக வை. 215 ஆய்வுகளைத் தொகுத்த 1995ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இத்தகைய திட்டங்களால் மறுகுற்றம் 7 முதல் 9 சதவீதம் குறைந்தது. கல்வி, ஆலோசனை, தொடர் கண்காணிப்பு மூன்றும் சேர்ந்த இடங்களில்தான் பலன் கூடுதல்.

வரைவில் நான் தேடிக் கிடைக்காதவை இரண்டு. தீர்ப்புக்கும் முதல் வகுப்புக்கும் இடையில் எத்தனை நாள்? அந்த இடைவெளியில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். நீதிமன்றத்தை விட்டு வெளியேறும் முன்பே தேதியும் இடமும் கையில் இருக்கட்டும். உரிமம் பறிபோனவர் பேருந்தில் வந்து சேரும் இடமாகவும், வேலை முடிந்த பின் வரும் நேரமாகவும் பார். அடுத்து, வகுப்பில் பேசுவதில் எது நீதிமன்றத்துக்குப் போகும்? வருகை, சோதனை முடிவு, முடித்தாரா இல்லையா, இவை மட்டும் என்று முதல் நாளே எழுத்தில் கொடு. இல்லாவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

திருத்திய பிரதியை அனுப்பு, ஓரங்களில் குறித்துத் தருகிறேன். அண்ணியை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்