குறை ஸ்பீக்கரிலும் அறையிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலை உயர்ந்த ஆடியோ கருவிகள் நேரடி இசையை எட்டிப் பிடித்துவிட்டன என்ற உங்கள் கட்டுரை ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் சரிதான். நல்ல ஆம்ப்ளிஃபயரில் ஒலிச் சிதைவு 0.01 சதவீதத்துக்கும் கீழே, காதுக்குத் தெரியாது. அதே இசையின் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, ஸ்பீக்கரில் உரக்க வைத்தால் சிதைவு பல சதவீதத்துக்கு ஏறிவிடும். கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை.

86 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும். 106 டெசிபலுக்கு 100 வாட் வேண்டும். இன்னும் 3 டெசிபலுக்கு 200 வாட். எதிரே வாசிக்கும் டிரம்மின் அடி இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஸ்பீக்கரைத் தொடர்ந்து அப்படி விரட்டினால் அதன் உள்ளே இருக்கும் 'வாய்ஸ் காயில்' என்ற கம்பிச்சுருள் சூடேறி, மின்தடை கூடி, அடியின் வீச்சு அமுங்கிப்போகும்.

அறை இதைவிட மோசம். 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் அருகே நிலை அலை, அதாவது சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பி ஒரே இடத்தில் நிற்கும் அலை, உருவாகும். சுவரோரம் உட்கார்ந்தால் பேஸ் குமுறும், நடு அறைக்கு வந்தால் அதே ஸ்வரம் காணாமல் போகும். இதைக் கேபிள் மாற்றித் தீர்க்க முடியாது. சுவரில் ஒட்டும் 2 அங்குல ஃபோமும் உதவாது: அந்த அலையின் நீளம் 8 மீட்டர். ஃபோம் உயர்ந்த ஸ்தாயியைத்தான் உறிஞ்சும். குமுறல் அப்படியே இருக்கும், வயலின் மட்டும் மந்தமாகும். முதலில் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள், காசில்லாத வைத்தியம்.

கட்டுரையில் வரும் 'வித்தியாசமே தெரியவில்லை' என்ற சாட்சியமும் புதிதல்ல. எடிசன் நிறுவனம் 1915 முதல் மேடையில் பாடகரையும் இசைத்தட்டையும் மாறி மாறிக் கேட்கவைத்து இதே பாராட்டை வாங்கியது. தட்டுக்கு ஏற்றபடி பாடகர் குரலை அடக்கிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம்!

உங்கள் கட்டுரையாளர் ஒரு சோதனை செய்யட்டும். நன்கு பழகிய ஒருவரின் பேச்சைத் திறந்த வெளியில், 1 மீட்டர் தூரத்தில் பதிவு செய்ய வேண்டும். அறைக்குள் பதிந்தால் எதிரொலி இரண்டு முறை சேரும். பிறகு திரைக்குப் பின்னால் ஒரே ஒரு ஸ்பீக்கர், பக்கத்திலேயே அந்த ஆள். இரண்டின் அளவையும் மீட்டர் வைத்து அரை டெசிபலுக்குள் சமப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் சற்று உரத்ததே உயிருள்ளதாகத் தோன்றும். எது ஸ்பீக்கர், எது ஆள் என்று சொல்லாமல் பத்துப் பேரிடம் கேட்டு, வந்த விடையை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்