தற்காப்புக் கலை விழாக் குழுவினருக்கு ஒரு சிலம்ப வாத்தியாரின் மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். போன சித்திரையில் நீங்கள் நடத்திய விழாவுக்கு 22 பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்த சிலம்ப வாத்தியார் நான். அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். மாலையில் உங்களில் இரண்டு பேரிடம் நேரிலேயே சொன்னேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மாஸ்டர்" என்றார்கள். அடுத்த வருஷத்து வேலை தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சிலம்பத்துக்கு ஒரு களம் கொடுங்கள். வாசலில் இடம் வேண்டாம், களம் வேண்டும்.

"அனைத்துத் தற்காப்புக் கலைகளும் ஒரே கூரையின் கீழ்" என்று போஸ்டர் ஒட்டியிருந்தீர்கள். கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, கிக் பாக்ஸிங் எல்லாம் கூரையின் கீழேதான் நடந்தன. களரிக்காரர்களுக்கும் மேடையில் 20 நிமிடம் கிடைத்தது, நல்லது. எங்களுக்கு மட்டும் காலை 8 மணிக்கே வாசலில் வேலை. சிறப்பு விருந்தினரை வரவேற்கப் பிள்ளைகளை இரண்டு பக்கமும் நிறுத்தினீர்கள். அவர் வந்தது 10.15க்கு. கார் கதவு திறந்ததும் கம்பைச் சுற்றச் சொன்னீர்கள். அவர் செல்போனில் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். அப்புறம் எங்கள் முறை மதியம் 1.30க்கு என்றார்கள். இடம், கார் நிறுத்தும் சிமென்ட் தரை.

சிலம்பம் வெறுங்காலில் ஆடுவது. நீங்களும் மாஸ்டர்கள்தான், நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சித்திரை வெயில், மதியம் ஒன்றரை, சிமென்ட் தரை. என் பிள்ளைகளில் ஒருத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இரட்டைக் கம்பு அவளுக்கு நன்றாக வரும். அன்று இறங்கியவள் கால் பாவாமல் எடுத்து எடுத்து வைத்தாள். சுற்றி நின்றவர்கள் "கால்வரிசையைப் பாருங்க, என்ன வேகம்!" என்று கை தட்டினார்கள். உங்கள் மைக்காரர் "துள்ளி ஆடும் மான்குட்டி" என்று வேறு வர்ணித்தார்.

அது கால்வரிசை இல்லை ஐயா. சூடு. நான் சொல்லிக்கொடுத்த கால்வரிசையில் ஓர் அடிகூட அதில் இல்லை. போதும், வா என்று கை காட்டினேன். அவளோ ஆடி முடித்து, தரையைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் வந்தாள். வேனில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு பாதத்திலும் கொப்புளம். தரையைத் தொட்ட விரல்களையும் ஊதிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை விட்டுவிடுகிறேன்.

உள்ளே ஏன் இடமில்லை என்று காலையிலேயே கேட்டிருந்தேன். கம்பு பட்டால் விளக்கு உடையும், மேட் கிழியும் என்றார்கள். நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மணிக்குத் தண்ணீர் பிடிக்க உள்ளே போனால், மேட் மேல் கொபுடோ, அதாவது ஜப்பானின் ஒகினாவாத் தீவு ஆயுதக் கலை, நடந்துகொண்டிருக்கிறது. "போ" என்று அவர்கள் சொல்லும் கம்பு ஆறடி நீளம். எங்கள் பிள்ளைகள் பிடிப்பது அவரவர் நெற்றி உயரத்துக்குத்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நாலரை அடி தேறினால் அதிகம். ஆறடிக் கம்புக்கு உடையாத விளக்கு நாலரை அடிக் கம்புக்கு உடையுமாம். அந்த விளக்கு எந்தக் கடையில் வாங்கியது என்று சொன்னால் நானும் ஒன்று வாங்கி மாட்டிக்கொள்வேன்.

போ சுற்றியவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அழகாக ஆடினார். முடித்த பிறகு அவராகவே வெளியே வந்து எங்கள் மூங்கில் கம்பை வாங்கி வளைத்துப் பார்த்தார். தன்னுடையதை என் கையில் கொடுத்தார். ஓக் மரம், நல்ல கனம். வேன் நிழலில் நின்று, நாங்கள் எப்படிப் பிடி மாற்றுகிறோம், அவர்கள் எப்படி மாற்றுகிறார்கள் என்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். பல கலைகளை ஒன்றுசேர்ப்பது என்று நீங்கள் நோட்டீஸில் போட்டிருந்தது அந்தப் பத்து நிமிடம்தான் நடந்தது. அதுவும் கார் நிறுத்துமிடத்தில்.

சான்றிதழைப் பற்றியும் சொல்லவேண்டும். மற்றவர்களுக்கு அவரவர் கலையின் பெயர். எங்களுக்கு மட்டும் "கிராமிய நடனம்". 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்ந்தது. அரசு வேலைக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் இருக்கிறது. அங்கெல்லாம் விளையாட்டு, உங்களிடம் வந்தால் நடனம். 1801இல் பாளையக்காரர்களை அடக்கிய கையோடு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஊர் ஊராக ஆயுதங்களைப் பறித்தான். கம்பைக் கண்டு அவன் பயந்தான் என்ற மரியாதையாவது அப்போது இருந்தது.

குற்றம் முழுவதும் உங்களுடையது என்றும் சொல்லமாட்டேன். எங்கள் ஆட்களே பிள்ளைகளைப் பானை மேல் ஏற்றியும் ஆணிப் பலகையில் நிறுத்தியும் மணிக்கணக்கில் கம்பு சுற்றவைத்து, பெயர் தெரியாத சாதனைப் புத்தகங்களில் சான்றிதழ் வாங்குகிறார்கள். கல்யாணம், கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் நிற்கிறோம். நானும் போயிருக்கிறேன். வேன் வாடகை கிடைக்கிறதே என்று போனதுதான். அப்படி நின்று நின்றே, சிலம்பம் என்றால் மாலைக்கும் மேளத்துக்கும் நடுவில் வருவது என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். போர்ச் சிலம்பத்தில் எதிராளியின் வீச்சைத் தடுத்துக்கொண்டே உள்ளே புகுந்து ஒரு தொடு வைப்பதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க அதைப் பார்த்திருக்கவேண்டுமே. அன்று பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு வந்தேன், இறக்க இடமில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். விஷயத்துக்கு வருகிறேன்.

விழா நடந்த பள்ளிக்குப் பின்னால் கோ-கோ மைதானம் இருக்கிறது. மண் தரை. அன்று முழுவதும் காலியாகக் கிடந்தது. அதைக் காலை 7 மணியிலிருந்து 9 வரை எங்களுக்குக் கொடுங்கள், போதும். மேட் வேண்டாம், கூரையும் வேண்டாம். தொட்ட புள்ளியை எண்ணத் தெரிந்த சிலம்ப நடுவர் ஒருவரை அழையுங்கள். சான்றிதழில் "சிலம்பம்" என்று ஐந்து எழுத்து போடுங்கள். போ சுற்றிய மாஸ்டரும் அந்த நேரத்தில் வந்தால் இரண்டு கம்பையும் ஒரே களத்தில் பிள்ளைகள் பார்க்கட்டும். அவரிடம் கேட்டேன், சம்மதம் என்றார்.

விருந்தினர் 10.15க்கு வருவதாக இருந்தால் வரட்டும். வரவேற்புக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், நாங்கள் அதற்குள் ஆடி முடித்திருப்போம். களம் உண்டா இல்லையா என்று தை மாதத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், வேனுக்குச் சொல்லிவைக்க வசதியாக இருக்கும். மைதானத்தில் தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். குடம் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
அன்று வாசலில் நின்ற வாத்தியார்