நீலகிரி எமரால்டிலிருந்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கோவைக் கல்லூரியில் காலநிலை மாற்றம் பற்றி நீ பேசிய காணொளியை அத்தை அனுப்பியிருந்தார். இவ்வளவு பெரிய கூட்டத்தில் தாளைப் பார்க்காமல் பேசுகிறாளே என்று அப்பா அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினார். ஆனால் "இனி எதுவும் மிஞ்சாது" என்று நீ முடித்தபோது, முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்ததை நான் கவனித்தேன்.

நம்பிக்கை வேண்டாம், பீதியடையுங்கள் என்று காலநிலைக்காகப் போராடும் ஸ்வீடன் பெண் கிரெட்டா துன்பெர்க் 2019-இல் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் பேசியதை எடுத்துக்காட்டினாய். செயலில் இறங்கிவிட்டால் நம்பிக்கை எங்கும் தென்படும் என்று அதே பெண் அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டாக்ஹோமில் சொன்னதை ஏன் விட்டாய்? 2023 ஜூலையில் உலகம் கொதிக்கும் காலம் வந்துவிட்டது என்ற ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டரெஸ், வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த இன்னும் முடியும் என்றும் சேர்த்தே சொன்னார். நீ முதல் பாதியோடு நிறுத்திவிட்டாய். டாவோஸில் இருந்தவர்கள் பணமும் பதவியும் உள்ளவர்கள், அவர்களை உலுக்கத்தான் வேண்டும். உன் எதிரே இருந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் அல்லவா?

2019 ஆகஸ்டில் நம் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, நம் கேரட் பாத்திகள் மண்ணோடு போனதை நீயும் பார்த்தவள்தான். இங்கே யாருக்கும் பயத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எந்த ஓடையைத் தூர்வார வேண்டும், எந்தச் சரிவில் வீடு கட்டக் கூடாது என்று விளக்கிச் சொல்லத்தான் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். நீ படித்ததும் அதைத்தானே?

நேரத்துக்குச் சாப்பிடு. பின்னிரவு வரை விழித்து அந்த அறிக்கைகளைப் படிக்காதே. சம்பந்தியம்மா கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வேலை அதிகம் என்றே சொல்லி வருகிறேன்; வேறு எதையும் நான் சொல்லவில்லை, உன்னிடம் கேட்கவும் மாட்டேன். ஆனால் இந்த உலகத்துக்கு ஒரு குழந்தையை எப்படிக் கொண்டுவருவது என்று மேடையில் கேட்டுவிட்டு, நீ தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அது கூட்டத்துக்காகக் கேட்ட கேள்வி என்றே அப்பா நினைக்கிறார். நான் அவரிடம் மறுத்துப் பேசவில்லை.

போனை எடு, கண்ணு. எடுக்க முடியாவிட்டால் இரண்டு வரி எழுது, சாப்பிட்டேன் என்றாவது எழுது. உறைபனியில் கீழ்த்தோட்டத்துத் தேயிலை கருகிவிட்டதால் கவாத்து வெட்ட ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். பொங்கலுக்கு மாப்பிள்ளையோடு வா. விடுப்பு இல்லையென்றால் நீ மட்டுமாவது வா.

அன்புடன்,
அம்மா